எருக்கு இருக்க விலைச்செடி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டாம்பூச்சி வளர்க்கும் ஆசை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளிடமும் பரவி வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் கைபேசியில் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. அவற்றில் வருவது மோனார்க் பட்டாம்பூச்சி, அதற்குப் போடும் தீனி மில்க்வீட் என்ற செடி. அதைப் பார்த்துவிட்டு நர்சரி நர்சரியாக மில்க்வீட் கேட்டு அலைகிறார்கள், இணையத்தில் விதைப் பொட்டலம் வாங்குகிறார்கள். வாங்கிய இரண்டு தொட்டிச் செடியைப் புழுக்கள் நான்கே நாளில் மொட்டையடித்துவிடுகின்றன. அப்புறம் என்ன போடுவது என்று தெரியாமல் முருங்கை, முட்டைக்கோஸ் என்று எதையாவது வைக்கிறார்கள். புழு அவற்றைத் தொடாது, பட்டினியில் சாகும். காசு செலவில்லாமல், பட்டினி போடாமல் இதைச் செய்ய நம் ஊரிலேயே வழி இருக்கிறது. அதை விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு தெளிவு. மோனார்க் நம் நாட்டுப் பூச்சி அல்ல. அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. கனடாவிலிருந்து மெக்சிகோ மலைக்காடு வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துபோய்க் குளிர்காலத்தைக் கழிப்பதால் பேர் பெற்றது. மெக்சிகோவில் அது கூடும் இடம் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்ததே 1975ல்தான். நம் ஊர் எருக்கஞ்செடியில் முட்டையிடுவது அதன் பங்காளியான வெந்தய வரியன். ஆங்கிலத்தில் பிளெய்ன் டைகர் என்பார்கள். இரண்டும் டானஸ் என்ற ஒரே பேரினம். இரண்டுக்கும் லின்னேயஸ் பெயர் வைத்ததும் ஒரே ஆண்டில், 1758ல். இரண்டின் புழுவும் பால் வடியும் எருக்கு இனச் செடிகளை மட்டுமே தின்னும். அந்தப் பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் இவற்றைத் தின்றால் வாந்தியெடுத்து, அடுத்த முறை தொடாது. புழுவின் மேல் ஓடும் கறுப்பு, வெள்ளை வரிகளும் மஞ்சள் புள்ளிகளும் அந்த எச்சரிக்கைதான். கொம்பை எண்ணினால் வேறுபாடு தெரிந்துவிடும். மோனார்க் புழுவுக்கு முன்னால் ஒரு சோடி, பின்னால் ஒரு சோடி. நம் புழுவுக்கு நடுவிலும் ஒரு சோடி உண்டு, ஆக ஆறு. காணொளியில் நான்கு, கையில் ஆறு என்று பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.

இனி இலைக் கணக்கு. இந்தக் கடிதத்தில் முக்கியமானது இதுதான்.

நம் மாவட்டங்கள் மல்பெரித் தோட்டத்துக்கும் பட்டுக்கூட்டு அங்காடிக்கும் பேர்போனவை. பட்டுப்புழு வளர்க்கும் எந்த விவசாயியும் முட்டைத் தொகுதியை வாங்கி வைத்துவிட்டு இலை தேடிப் போவதில்லை. தோட்டத்தில் எவ்வளவு இலை நிற்கிறது என்று பார்த்து அதற்குத் தக்கபடிதான் முட்டை எடுப்பார். எருக்குப் புழுவுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். இதற்கும் ஐந்து பருவம், நான்கு தோலுரிப்பு. ஒவ்வொரு தோலுரிப்புக்கும் பிறகு அடுத்த பருவம் தொடங்கும். முட்டை பொரிக்க 3, 4 நாள். புழுவாக இருப்பது 12 முதல் 15 நாள். கூட்டுப்புழுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் எல்லாமே சில நாள் கூடும். இதில் முதல் ஒரு வாரம் புழு ஓர் இலையில் ஓட்டை போட்டுக்கொண்டு சும்மா இருப்பதுபோல்தான் தெரியும். மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் அது தின்பது ஐந்தாம் பருவத்தின் மூன்று நான்கு நாளில். அந்த மூன்று நாளை முன்கூட்டிக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் இரவு எட்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு இலை தேடுகிறார்கள்.

ஒரு புழுவுக்கு உள்ளங்கை அகலமுள்ள எருக்கிலை மூன்று அல்லது நான்கு போதும். வாடிப்போவது, பால் கசிந்து காய்வது, நரம்பை அறுத்துவிட்டுப் பாதியில் விடுவது எல்லாம் சேர்த்து ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் புழுவுக்கு 60 இலை. இடுப்பளவு வளர்ந்து ஐந்தாறு கிளை விட்ட ஒரே எருக்கு அதைத் தந்துவிடும். அதே பத்துப் புழுவை நர்சரியில் மில்க்வீட் என்று விற்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அஸ்கிலிபியாஸ் செடியில் வளர்த்தால் புழு ஒன்றுக்கு ஒரு தொட்டிச் செடி வேண்டும். அதன் இலை விரல் அகலமே இருக்கும். செடி நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு முறைக்கு ஆயிரம் ரூபாய். எருக்கு நல்லம்பள்ளியிலிருந்து பர்கூர் வரை ரோட்டோரமெல்லாம் சும்மா நிற்கிறது.

சும்மா நிற்பதைப் பறித்துப் போட்டால் போதாதா, வளர்ப்பது எதற்கு என்று கேட்கலாம். சிக்கல் மருந்தில் இருக்கிறது. மார்கழி முதல் மாசி வரை மாம்பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு இமிடாக்ளோபிரிட் போன்ற மருந்துகளை அடிக்கிறார்கள். அது இலைக்குள் ஊடுருவி நிற்கும் வகை. தோப்பு வேலியில் நிற்கும் எருக்கின் மேல் சாரல் பட்டால் நீங்கள் இலையை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. தக்காளி, கத்தரி வயல் வரப்பிலும், ரோஜாக் குடில் ஓரத்திலும் இதே கதைதான். ரோட்டோரத்தில் களைக்கொல்லி அடித்திருந்தால் செடி இரண்டு மூன்று நாள் பச்சையாகவே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. நர்சரிச் செடிக்கும் இது பொருந்தும். இலையில் ஒரு பூச்சிக்கடி கூட இல்லாமல் பளபளவென்று நிற்கும் செடி என்றால் வாங்குபவருக்கு அழகு, புழுவுக்கு ஆபத்து. வாங்கியே தீருவேன் என்பவர்கள் அந்தச் செடியை வெட்டிவிட்டு, இரண்டு மாதம் வைத்திருந்து, புதிதாக வரும் இலையைப் பயன்படுத்துங்கள். எந்த இலையில் சந்தேகம் வந்தாலும் முதலில் ஒரே ஒரு புழுவுக்குக் கொடுத்து ஒரு முழு நாள் பாருங்கள். மருந்து இருந்தால் புழு பச்சைத் தண்ணீராகக் கக்கும், உடம்பு துடித்துச் சுருங்கும், இலையை விட்டு விழும். விழுந்த புழு பிழைப்பது அரிது.

அதனால் வீட்டிலேயே நான்கைந்து செடி இருந்தால் நிம்மதி. விதைக்குச் செலவு கிடையாது. எருக்கங்காய் பெரும்பாலும் மாசியிலிருந்து வைகாசி வரை முற்றும். பச்சைக் காயைப் பறித்து வந்து காயவைத்தால் உள்ளே விதை வெளுத்திருக்கும், முளைக்காது. காய் மஞ்சளித்து, ஓரத்துக் கோட்டில் கட்டைவிரலால் அழுத்தினால் தானே பிளக்கும் நேரம்தான் சரி. விதை நல்ல பழுப்பாக, தட்டையாக, மீன் செதில் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பஞ்சு விரிவதற்கு முன், பஞ்சுக் கற்றையின் நுனியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகைக் கட்டைவிரலால் விதையைக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். அத்தனையும் கிண்ணத்தில் விழும், பஞ்சு கையிலேயே நிற்கும். பஞ்சு விரிந்துவிட்டால் ஒரு காகிதப் பையில் போட்டு ஐந்து ரூபாய்க் காசு நான்கையும் போட்டு வாயை மூடிக் குலுக்குங்கள். விதை அடியில் தங்கும். வெளியே ஓட்டை தெரியும் காயை விட்டுவிடுங்கள், அதற்குள் ஈயின் புழு புகுந்து விதையைத் தின்றிருக்கும்.

அமெரிக்க மில்க்வீட் வகைகள் பலவற்றின் விதையை ஈர மணலில் கலந்து ஒரு மாதத்துக்கு மேல் குளிர்பெட்டியில் வைத்தால்தான் முளைக்கும். அங்கே பனிக்காலம் கழிந்ததாக விதையை நம்பவைக்கும் வேலை அது. எருக்குக்கு அந்தப் பாடு இல்லை. வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் விதை வரவழைக்கவும் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி முறையான அனுமதி வேண்டும். இதைத் தெரியாமல் நிறையப் பேர் பணம் கட்டிவிடுகிறார்கள்.

ஆடிப்பட்டம் எருக்குக்கும் பொருந்தும். விதையை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் பையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு இரண்டாகப் போடுங்கள். அதற்குமேல் ஆழம் போனால் முளை வெளியே வராது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பை குறைந்தது ஓர் அடி உயரம் இருக்க வேண்டும், ஏனென்றால் எருக்கு முதலில் இறக்குவது ஆணிவேரை. சின்னப் பையில் வேர் அடியில் சுருண்டு, செடி அங்கேயே நின்றுவிடும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஒரு பைக்கு ஒரு நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்க வேண்டாம், வைத்துக்கொள்ளும் நாற்றின் வேரும் அசையும். முளைத்த பிறகு நாற்றுகள் சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். தினமும் ஊற்றினால் அடித்தண்டு கருகிச் சாய்ந்துவிடும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். முழு வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் தண்டு மெலிந்து கொடிபோல் நீளும்.

ஆறு, எட்டு இலை விட்டதும் மண்ணில் நடலாம். மண் இல்லாத மாடிவீட்டுக்காரர்கள் 20 லிட்டர் பெயின்ட் வாளியைச் சுரண்டிக் கழுவி, அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஐந்து ஓட்டை போட்டு அதில் வைக்கலாம். 25 கிலோ அரிசிச் சாக்கும் ஓராண்டு தாங்கும், அதற்குமேல் வெயிலில் நைந்துவிடும். நட்ட முதல் ஆறு மாதம் அந்தச் செடியில் புழுவை ஏற்றவே கூடாது. பட்டாம்பூச்சி தானாக வந்து முட்டையிட்டால் இலையோடு கிள்ளிப் பெரிய செடியில் குத்திவையுங்கள்.

பாறைக்காட்டில் நிற்கும் பெரிய எருக்கைத் தோண்டி வந்து நடுவது வீண் வேலை. ஆணிவேர் அறுந்தால் அத்தோடு போயிற்று. அதைவிடக் குச்சி ஊன்றலாம். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம், பச்சைத் தண்டு அல்லாமல் தோல் சாம்பல் நிறம் கண்ட கிளையாகப் பார்த்து வெட்டி, பால் வடிந்து நிற்கும்வரை நிழலில் ஒன்றிரண்டு நாள் போட்டுவையுங்கள். பால் காயாமல் ஊன்றினால் வெட்டுவாய் அழுகும். மூன்றில் ஒரு பங்கு மணலில் புதைத்து, நிழலில் வைத்து, மணல் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள். ஒன்று, ஒன்றரை மாதத்தில் துளிர்க்கும். பத்தில் பாதி பிழைத்தால் நல்ல கை என்றே சொல்ல வேண்டும். அஸ்கிலிபியாஸ் இதில் எளிது. ஒரு சாண் தண்டை அடியிலைகள் நீக்கித் தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தாலே இரண்டு வாரத்துக்குள் வேர் விடும். யாரிடமாவது ஒரு செடி இருந்தால் தெருவுக்கே பெருக்கிவிடலாம், யாரும் இரண்டாவது செடியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வெள்ளெருக்கை விநாயகருக்காக அதிக விலைக்கு விற்கிறார்கள். புழுவுக்கு அந்த பேதம் கிடையாது. நீலப்பூ எருக்கே தாராளம்.

எருக்கைவிடச் சீக்கிரம் இலை தருவது வேலிப்பருத்தி. உத்தாமணி என்றும் சொல்வார்கள். கசக்கினால் ஒரு வாடை வருமே, அதுதான். கம்பிவேலி, முள்வேலி எதிலும் ஏறும். விதை போட்டு நான்கு மாதத்துக்குள் கொடி நிறைய இலை இருக்கும். இலை மெல்லியது என்பதால் இளம்புழுவுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் பெரிய புழுவுக்கு இதை நம்பியே இருக்க முடியாது, ஒரு கொடியை இரண்டு நாளில் காலி செய்துவிடும். இளம்புழுவுக்கு வேலிப்பருத்தி, பெரிய புழுவுக்கு எருக்கு என்று பிரித்துக்கொள்வதே சிக்கனம். ஒன்றுதான் கவனம். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென்று மாற்றினால் சில புழுக்கள் அரைநாள் முரண்டு பிடிக்கும். பழைய இலையின் மேலேயே புதிய இலையை வைத்துவிட்டால் தானே ஏறிக்கொள்ளும்.

இலை தொடர்ந்து கிடைக்கச் செடிகளை இரண்டு பிரிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவில் இலை பறிக்கும்போது மறு பிரிவைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். எருக்கு வெட்ட வெட்டத் தழைக்கும் சாதி. மூன்று நான்கு வாரத்தில் தளிர் வந்துவிடும். தாய்ப்பூச்சியும் முற்றிய இலையைவிடத் தளிரையே தேடி முட்டையிடும். வெட்டும்போது இலைக்கு அடியில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

எருக்கில் மூன்று தொல்லை வரும். தளிரில் மஞ்சள் அசுவினி அப்பிக்கொள்ளும். மருந்து அடித்தால் புழு வளர்ப்பே போயிற்று. ஈரத் துணியால் வழித்து, மறுநாள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். சோப்புக் கரைசல் தெளித்தால் நன்றாக அலசிவிட்டுத்தான் இலையைப் பறிக்க வேண்டும். வேப்பெண்ணெயும் கூடாது, இயற்கை மருந்துதானே என்று அடித்துவிடுகிறார்கள், அது புழுவின் தோலுரிப்பையே கெடுத்துவிடும். இரண்டாவது, மஞ்சளும் நீலமுமாக வரிவரியாக இருக்கும் எருக்கு வெட்டுக்கிளி. இது ஒரு செடியை ஒரு வாரத்தில் குச்சியாக்கிவிடும். காலைக் குளிரில் மந்தமாக உட்கார்ந்திருக்கும்போது கையால் எடுத்து அப்புறப்படுத்தலாம். மூன்றாவது எறும்பு. அசுவினி வடிக்கும் இனிப்புக்காக வந்து, முட்டையையும் சிறுபுழுவையும் தூக்கிக்கொண்டு போய்விடும். தொட்டியைத் தண்ணீர் நிரப்பிய தட்டின் நடுவில் செங்கல் மேல் வைத்தால் எறும்பு ஏறாது.

பாலைப் பற்றி எச்சரிக்காமல் விடக்கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் முதலில் வலியே தெரியாமல் பார்வை மட்டும் மங்கும். வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. கருவிழி வீங்கிப்போகும். உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளைகள் இலை பறிப்பதாக இருந்தால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே முகத்தைத் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

இலை தயாரான பிறகு முட்டை. எருக்கிலையின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, வெள்ளையாக, ஒற்றை ஒற்றையாக ஒட்டியிருக்கும். ஒரே இடத்தில் குவியலாக இருந்தால் அது வேறு பூச்சியின் முட்டை. முட்டையைச் சுரண்டி எடுக்காமல் இலையோடு எடுங்கள். பொரிக்கும் நாளில் உச்சி கறுக்கும். பிறந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும், பிறகு இலையில் சின்னதாக வட்டமாக ஒரு பள்ளம் அறுத்து, பால் வடிந்து ஓய்ந்த பிறகு அந்த வட்டத்துக்குள் இருப்பதைத் தின்னும். உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த வட்டம் அழகாகத் தெரியும். பெரிய புழு நடுநரம்பையே கடித்து, இலை தொங்கிய பிறகு தின்னும். இதைத் தெரியாதவர்கள் இலை வாடிவிட்டது என்று நினைத்து எடுத்து வீசிவிடுகிறார்கள், புழுவும் அத்தோடு போய்விடுகிறது.

இளம்புழுவுக்கு மூடியுள்ள டிபன் பாக்ஸ் அளவு டப்பா போதும். அடியில் செய்தித்தாள், அதன்மேல் இலை. ஈரத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். டப்பாச் சுவரில் தண்ணீர் முத்து கோத்தால் ஈரம் அதிகம், மூடியைச் சற்றுத் திறந்துவையுங்கள். மூன்றாம் பருவத்துக்கு மேல் கொசுவலைத் துணி சுற்றிய துணிக்கூடைக்கு மாற்றலாம். ஒரு கூடைக்கு ஐந்து புழுவுக்கு மேல் வேண்டாம். கிளையோடு வெட்டிய இலையைத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் சாகும். இது மிக அடிக்கடி நடப்பது. வெட்டுவாயில் பால் உறைந்து தண்ணீர் ஏறாமல் போகும் என்பதால் தினமும் ஓர் அங்குலம் நறுக்கிவிட வேண்டும். உபரி இலையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் வைக்கலாம். எடுத்ததும் போடாமல் குளிர் விட்டு, மேல் ஈரம் காய்ந்த பிறகு போடுங்கள்.

தினமும் எச்சத்தைக் கொட்டிவிட்டுத் தாளை மாற்றுங்கள். புழு அசையாமல் ஒரு நாள் முழுக்கத் தலையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அது தோலுரிக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் பின்காலின் பிடி அறுந்து, பழைய தோலிலிருந்து வெளிவர முடியாமல் செத்துவிடும். இலை மாற்றும்போது அந்தப் புழு இருக்கும் இலைத்துண்டை மட்டும் கத்தரித்துப் புதிய இலைமேல் வையுங்கள். புழு வளர்க்கும் அறையில் கொசுவத்தி, மின்கொசு மருந்து, ரூம் ஸ்பிரே எதுவும் கூடாது. நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையோடு இலையைத் தொடுவதும் கொல்லும்.

புழு கறுத்து, தலைகீழாகத் துணிபோல் தொங்கினால் நோய். கூட்டம், எச்சம், ஈரம் மூன்றும் சேர்ந்தால் வருவது. அந்தப் புழுவையும் அது கிடந்த இலையையும் எரித்துவிட்டு, கூடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெள்ளை நூல் தொங்கி, கீழே சிறு புழுக்கள் கிடந்தால் அது ஈயின் வேலை. பட்டு விவசாயிகளுக்குத் தெரிந்த ஊசி ஈயின் சொந்தக்காரன்தான். வெளியில் பெரிய புழுவாகப் பிடித்து வருவதில் இது அதிகம். முட்டையாகக் கொண்டுவந்து வலைக்குள் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். இன்னொன்று. பட்டுப்புழு வளர்ப்பு மனை உள்ள வீட்டுக்காரர்கள் இந்தப் புழுவை மனைக்குள்ளோ மனையை ஒட்டியோ வைக்க வேண்டாம். வெளிப்புழு கொண்டுவரும் நோயோ ஈயோ அந்தத் தடவை வளர்க்கும் பட்டுப்புழு முழுவதையுமே கெடுத்துவிடலாம். அந்த நட்டத்துக்கு எந்தப் பட்டாம்பூச்சியும் ஈடாகாது.

முழு வளர்ச்சி அடைந்த புழு தீனியை விட்டுக் கூடையின் மேல்துணிக்கு ஏறி, கொக்கிபோல் வளைந்து தொங்கும். மறுநாளுக்குள் தோலுரித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். பச்சையாகவும் இருக்கும், வெளிர் சிவப்பாகவும் இருக்கும், இரண்டும் நலம். கீழே விழுந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சொரசொரப்பான துணிமேல், கூடையின் சுவரை ஒட்டிப் படுக்கவைத்தால் போதும், வெளிவந்த பூச்சி சுவரில் ஏறி இறக்கையைத் தொங்கவிட்டுக்கொள்ளும். ஏற இடமில்லாத வழவழப்பான டப்பாவில் வைத்தால் இறக்கை சுருங்கியே காய்ந்துவிடும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது. வெளிவருவதற்கு முந்தின நாள் கூடு கறுத்ததுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு இறக்கை தெரியும். இதைச் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. வெளிவந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இறக்கை விறைக்கும். அன்று தீனி தேவையில்லை. வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள், மழை நாளானால் ஒரு நாள் பொறுக்கலாம். பின்னிறக்கையில் நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் ஆண், மூன்று இருந்தால் பெண்.

எத்தனை வளர்க்கலாம்? ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்குப் பத்து. அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். மோனார்க் குறைந்துவரும் அமெரிக்காவிலேயே, பூச்சிகளைக் காக்கும் செர்செஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் கூண்டில் கூட்டமாக வளர்ப்பதை வேண்டாம் என்கின்றன. நெருக்கத்தில் நோய் பெருகி, விடுவிக்கும் பூச்சியோடு அதுவும் வெளியே போகிறது. அங்கே குளிரில் பட்டுப்போகாமல் ஆண்டு முழுக்க நிற்கும் அஸ்கிலிபியாஸ் செடியில் ஓர் ஒட்டுண்ணி சேர்ந்துகொள்வதால் அதை இலையுதிர் காலத்தில் வெட்டிவிடச் சொல்கிறார்கள். நம் வெந்தய வரியன் அருகிவரும் பூச்சி அல்ல, அதைக் காப்பாற்ற நாம் கூண்டு கட்டவேண்டியதில்லை. பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்பதற்கு வளர்க்கிறோம், அவ்வளவுதான். பூச்சி பெருக வேண்டுமானால் செடியை வையுங்கள், அது தானே வரும். எருக்கோடு கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இரண்டையும் ஓரமாக விட்டுவைத்தால் ஆண் பூச்சிகள் அவற்றின் காய்ந்த தண்டில் கூட்டமாக வந்து மொய்ப்பதைப் பார்க்கலாம். காப்புக்காட்டுக்குள் போய்ச் செடியோ புழுவோ எடுக்காதீர்கள், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

ஊராட்சி, பேரூராட்சி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோட்டோரம் சுத்தம் செய்யும்போது எருக்குக்குக் களைக்கொல்லி அடிக்காமல் ஓர் அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். பார்வையும் மறைக்காது, செடியும் தழைக்கும். நர்சரி நடத்துபவர்கள் செடி விற்கும்போது கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தோம் என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்குபவருக்குப் பேருதவி.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் மோனார்க் பற்றிய பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், இலைக் கணக்கையும் கண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் வெட்ட வேண்டாம். எருக்கங்காய் இப்போது வெடித்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதத்துக்குள் வெளியிட்டால் ஆடிக்கு விதை சேர்த்துவைக்க வாசகர்களுக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.